பனிமலை ஏறும் பழைய ஜீப்புகளும் நமது தோட்டப் பாதைகளும்

டார்ஜிலிங் மாவட்டத்தின் மேற்கெல்லையில், தெருவின் ஒரு பக்கம் இந்தியாவாகவும் மறுபக்கம் நேபாளமாகவும் இருக்கும் மானேபஞ்சன் என்ற சிற்றூரிலிருந்து, மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த சிகரமான சந்தக்பூவுக்கு ஒரு பாதை ஏறுகிறது. ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை நெடுங்காலமாக உருட்டுக் கல்லும் பள்ளமுமாகவே கிடந்தது. அதன் முடிவிலுள்ள சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர். நமது இலங்கையின் உச்சியாகிய பிதுருதலாகலையைக் காட்டிலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் அதிகம். குளிர்காலத்தில் அங்கே வெண்பனி பொழிந்து, எது பாதை, எது பள்ளம் என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே நிறமாக மூடிவிடும் நாட்களிலும், பிரயாணிகளையும் மலையில் வாழ்வோருக்கான சாமான்களையும் சுமந்துகொண்டு ஏறுகிற வாகனங்களில், 1948ஆம் ஆண்டுக்கும் 1958ஆம் ஆண்டுக்கும் இடையில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட லேண்ட் ரோவர் ஜீப்புகளும் உண்டு.

அந்த ஜீப்புகளை அந்த மலைக்குக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரத் தேயிலைத் துரைமார். அவர்கள் போனார்கள், வாகனங்கள் நின்றன. அவற்றை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அவற்றை வாங்கி, தேய்ந்துபோன பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றி எடுத்துவிட்டு மஹிந்திராவின் டீசல் யந்திரத்தைப் பொருத்தி, கிடைக்காத பாகங்களை உள்ளூர் லேத் பட்டறையிலே கடைந்து, தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு என்று இன்றுவரை ஓட்டிவருகிறார்கள். 2018ஆம் ஆண்டில் லேண்ட் ரோவர் தனது எழுபதாவது ஆண்டைக் கொண்டாடியபோது, அந்த நிறுவனமே மானேபஞ்சனுக்குச் சென்று, அங்கே ஓடிக்கொண்டிருந்த 42 பழைய வண்டிகளைப் பற்றி ஒரு படம் எடுத்து உலகத்துக்குக் காட்டியது.

வெலிமடையிலே இருந்துகொண்டு இமயமலைச் சாரலைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. தேயிலையும் துரைமாரும் செங்குத்தான பாதையும், அவர்கள் விட்டுச்சென்ற வண்டியைத் தன் கைத்திறமையினால் உயிரோடு வைத்திருக்கும் ஏழை மனிதனும் நம்முடைய ஊவா மலைகளுக்கும் உரியவர்களே. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது கம்பெனித் துரைமார் கப்பலேறினார்கள். பங்களாவின் பின்புறத்திலே நின்ற லேண்ட் ரோவரும் வில்லிஸ் ஜீப்பும் கப்பலேறவில்லை. தோட்டத்து மேசைகளில் கணக்குப் புத்தகங்கள் கைமாறியதைப் போல அவையும் கைமாறி, ஏலத்துக்கு வந்து, பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும் உள்ள சாதாரண மனிதரின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. இன்றைக்குத் தோட்டத்தின் கோடியிலுள்ள தொங்கல் டிவிசனுக்குப் போகும் மண்பாதையிலே, காய்ச்சலில் கிடப்பவரையும் கல்யாணச் சீர்வரிசையையும் சீமெந்து மூட்டையையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு உறுமி ஏறுவது பெரும்பாலும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்த ஜீப்பே.

அந்த ஜீப்புகளைப் பற்றி அரசாங்கம் ஒரு தெளிவான தீர்மானத்துக்கு வர வேண்டிய காலம் இது என்பது என் அபிப்பிராயம். வாகனத்தின் வயதைப் பார்த்தோ, அது தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்தில் இல்லை என்பதைப் பார்த்தோ அதனைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. அது செய்ய வேண்டிய காரியத்தைப் பத்திரமாகச் செய்யத் தகுதியுடையதா என்று பரிசோதித்து, தகுதியுடையதாயின் அதனை அங்கீகரித்துப் பதிவு செய்வதே நியாயம்.

2025ஆம் ஆண்டு ஜனவரியில் ‘க்ளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டம் ஆரம்பமானபோது, பஸ்களிலும் த்ரீவீலர்களிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கினார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன; பின்னர் அவகாசம் கொடுக்கப்பட்டது. சாரதியின் பார்வையை மறைக்கும் பொம்மைகளையும், எதிரே வருபவன் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளையும், காதைக் கிழிக்கும் ஹாரன்களையும் அகற்றியது முழுவதும் சரியான காரியம் என்றே சொல்வேன். ஆயினும் அந்தச் சமயத்தில் எழுந்த விவாதத்திலே, ‘மாற்றியமைத்த வாகனம்’ என்ற ஒரே பெயருக்குள் பஸ்ஸின் நெற்றியில் ஒட்டிய அலங்காரமும், லேண்ட் ரோவரின் சேஸிஸில் உட்கார்ந்த இசுசு டீசல் யந்திரமும் ஒன்றாக அடைக்கப்பட்டதைக் கண்டு நான் கவலை கொண்டேன். முன்னது ஆசைக்காகச் செய்தது. பின்னது பிழைப்புக்காகவும் மலைக்காகவும் செய்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சட்டம் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் அதனால் மலையில் வாழ்பவனுக்குப் பாதுகாப்பு உண்டாகாது.

பனியில் வாகனம் ஓட்டுவது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால், இந்த ஜீப்புகளில் செய்யப்படும் மாறுதல்களின் நியாயம் தானே விளங்கும். வெண்பனியிலும், அதைவிட அபாயமான உறைந்த நீர்ப்படலத்திலும், சக்கரத்துக்கும் நிலத்துக்கும் உள்ள பிடிமானம் மிகச் சொற்பம். அந்தச் சொற்பப் பிடிமானத்தை, உருட்டுவதற்கும் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் சாரதி பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பதற்றத்திலே பிரேக்கை மிதித்தால் சக்கரம் சுழல்வது நின்றுவிடும்; சுழலாத சக்கரத்துக்குத் திசை கிடையாது; ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தான் நினைத்த பக்கமே வழுக்கிப் போகும். அகலமான சக்கரம் புதுப்பனியின்மேல் மிதக்கப் பார்க்கும். ஒடுக்கமான சக்கரமோ பனியை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள மண்ணைத் தொடும். முதல் லேண்ட் ரோவருக்கும் அதற்கு முந்திய வில்லிஸுக்கும் பதினாறு அங்குல வளையத்திலே ஆறு அங்குல அகலமுள்ள டயரைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த ஒடுக்கம் பனிக்கும் சேற்றுக்கும் பெரிய அனுகூலமாயிற்று. கடுங்குளிரிலே டீசல் தடித்து மெழுகு பிரியும். டீசல் யந்திரம் காற்றை அழுத்தி உண்டாக்கும் சூட்டினாலேயே எரிவதாகையால், உறைந்த இரும்பை முதலில் ஹீட்டர் பிளக்கினால் சூடாக்கிக்கொண்டே அதனை எழுப்ப வேண்டும். ரேடியேட்டரிலுள்ள வெறும் தண்ணீர் இரவிலே உறைந்து விரிந்தால் யந்திரத்தின் உடலையே பிளந்துவிடும். ஆகவே உறையாத திரவத்தைக் கலக்க வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு மாலையும் வடித்துவிட வேண்டும்.

நமது நாட்டில் வெண்பனி பொழிவதில்லை. நுவரெலியாவிலும் அம்பேவெலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலையில் உறைபனி படிந்து, புல் நொறுங்கி, தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் கருகுவதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். எனினும் வடகீழ்ப் பருவமழை கொட்டித் தீர்த்த பின்பு, ஹப்புத்தளைக்கு மேலேயோ ஊவா பரணகமைக்கு உள்ளேயோ ஒரு தோட்டத்துச் செம்மண் பாதையில், மூடுபனி முகத்தை மறைக்க, ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளத்தாக்குமாக இறங்கியவன், சந்தக்பூவின் சாரதி எதைப் பற்றிப் பேசுகிறான் என்பதை உடனே புரிந்துகொள்வான். நனைந்த களிமண் பனியைப் போலவே பிடிமானத்தைப் பறித்துவிடும். அங்கே கற்க வேண்டிய வித்தையும் இங்கே கற்க வேண்டிய வித்தையும் ஒன்றே: வேகத்தைப் பிரேக்கினால் குறைக்காமல் யந்திரத்தினால் குறைத்தல்.

பழைய லேண்ட் ரோவரின் உள்ளே ஏறி உட்கார்ந்தவர்கள், கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் சிவப்புக் குமிழ் வைத்த ஒரு கம்பியையும் மஞ்சள் குமிழ் வைத்த இன்னொரு குட்டைக் கம்பியையும் பார்த்திருப்பார்கள். மஞ்சளைக் கீழே அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் பற்சக்கரங்கள் தாழ்ந்த விகிதத்துக்கு மாறும்; நான்கு சக்கரங்களும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்; வண்டி மனிதன் நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடும்; அதன் பலமோ பல மடங்காகும். அந்தச் சிவப்புக் கம்பியை வண்டி அடியோடு நின்ற பிறகே தொட வேண்டும். செங்குத்தான இறக்கத்தின் தலைப்பிலே வண்டியை நிறுத்தி, சிவப்பை இழுத்து, முதல் கியரைப் போட்டு, கால்களை மூன்று மிதிகளிலிருந்தும் எடுத்துத் தரையிலே வைத்துவிட்டு, யந்திரத்தின் உறுமலைக் கேட்டுக்கொண்டே கைகளால் மட்டும் வழிகாட்டி இறங்கும் ஒரு சாரதியின் பக்கத்தில் நான் அமர்ந்திருக்கிறேன். பின்னாலே பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணும் அவளுடைய மாமியாரும். “பிரேக்க நம்பி எறங்குனா ஒருநா இல்லாட்டி ஒருநா பள்ளந்தான் ஐயா, கியர நம்பித்தான் எறங்கணும்” என்று சொல்லிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், “தங்கச்சி, கம்பிய நல்லாப் புடிச்சுக்கம்மா, இந்த முடக்கோட கல்லு ரோடு முடிஞ்சிரும்” என்றார் அவர். தார் ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். அப்படிச் செய்ய மறந்தால், வழுக்கி இடம்கொடுக்காத கெட்டித் தரையிலே முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எங்கேயாவது ஒரு பாகம் முறியும். எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத இந்த வித்தை நம் மலைகளில் ஒருவரிடமிருந்து மற்றவர் பார்த்துப் பழகிக்கொண்டது.

முதல் லேண்ட் ரோவரின் பிறப்பும் இத்தகைய நிர்ப்பந்தத்தினாலேதான். ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவிலே உள்ள தமது பண்ணையில், யுத்தத்தில் எஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பை உழவுக்கும் சுமைக்கும் உபயோகித்து, அது கெட்டுப்போனால் வேறு எதை வாங்குவது என்று யோசித்ததிலிருந்து அந்த வாகனம் உதித்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியிலே அது அரங்கேறியது. யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்திலே உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவையினாலே செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு நமக்கு வாய்ப்பாக முடிந்தது. மழையிலும் மூடுபனியிலும் எழுபது வருஷம் நனைந்தும் அந்த உடல் துருப்பிடிக்கவில்லை. துருப்பிடிப்பது அதன் அடியிலுள்ள உருக்குச் சேஸிஸ். ஆதலால் இந்த ஜீப்புகளின் ஆயுள் சேஸிஸின் ஆயுளே என்பதை மெக்கானிக்மார் நன்கறிவர்.

வெலிமடைப் பக்கத்திலே நான் அறிந்த ஒரு மெக்கானிக் பாஸ், வாங்குவதற்காகக் கொண்டுவரப்படும் எந்தப் பழைய ஜீப்பின் யந்திரத்தையும் முதலில் பார்ப்பதில்லை. ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியிலே நுழைந்து மல்லாந்து படுத்து, சேஸிஸை முன்னிருந்து பின்வரை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான இரும்பு கணீரென்று சொல்லும். உள்ளே துரு அரித்த இடம் மந்தமாகச் சொல்லும். அந்த இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொண்டு வெளியே வருவார். வட்டங்கள் வில்லுப் பட்டைகள் தாங்கும் இடத்திலோ ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடத்திலோ இருந்தால், “இது வேணாங்க, இதுல ஆளேத்தக் கூடாது” என்று சொல்லிவிடுவார்; வேறு இடமானால் எத்தனை அங்குலத் தகடு வைத்து ஒட்ட வேண்டும் என்று கணக்குச் சொல்வார். டீசல் யந்திரத்தை மாட்டச் சொல்லி வருபவர்களிடம், யந்திரத்தோடு பிரேக்கையும் மாற்றச் சம்மதித்தால் மட்டுமே கையை வைப்பேன் என்பார். காரணம் உண்டு: டீசல் யந்திரம் பழைய பெட்ரோல் யந்திரத்தைவிடப் பாரமானது, திருகுபலமும் அதிகம், பழைய டிரம் பிரேக்கோ, பின்னச்சின் மெல்லிய தண்டோ அந்தப் பலத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிரேக்குக்குத் துணைப்பலம் சேர்க்காமலும், அச்சுத் தண்டை மாற்றாமலும், முன்வில்லுக்கு ஒரு பட்டையைக் கூட்டாமலும் யந்திரத்தை மாத்திரம் மாற்றிய ஜீப்பு, ஏற்றத்திலே சிங்கமாகவும் இறக்கத்திலே எமனாகவும் இருக்கும்.

இந்த மனிதரின் சுத்தியலைத்தான் நான் சட்டத்தின் கையிலும் காண விரும்புகிறேன்.

பொலிஸாரின் கண்டிப்பைக் குறைவாகப் பேசுவது என் நோக்கமல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி கொத்மலை கெரண்டிஎல்லவிலே பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே வருஷம் செப்டெம்பர் 4ஆம் தேதி இரவு, நமது பதுளை மாவட்டத்திலேயே, எல்ல–வெல்லவாய பாதையிலே விழுந்த பஸ்ஸிலே பதினைந்து பேர் மாண்டார்கள். மலைப்பாதை தவறுகளை மன்னிப்பதில்லை. தோட்டத்து ஜீப்பிலே பயணம் செய்பவர்களின் உயிருக்கும் அதே மதிப்பு உண்டு. ‘ஏழைகளின் வண்டி, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று பாராமுகமாயிருப்பது தயவன்று, அலட்சியம். நடைமுறையிலே இன்று கண்டிப்பும் அலட்சியமும் சேர்ந்தே நடக்கின்றன. தார் ரோட்டிலே மறிக்கப்படும்போது ஜீப்புக்காரன் மாற்றியமைத்த குற்றத்துக்காகத் தண்டம் கட்டுகிறான். தோட்டத்துக்குள்ளே எத்தனை பேரை ஏற்றினாலும் எந்தப் பிரேக்கில் ஓட்டினாலும் கேட்பாரில்லை. தண்டம் கட்டியதனால் அந்த வண்டியின் பிரேக் ஒரு நூலளவும் நன்றாகிவிடுவதில்லை.

புகையைப் பற்றிய ஆட்சேபம் இன்னொன்று. அதற்கு ஏற்கெனவே பரிகாரம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டிலிருந்து புகைப் பரிசோதனை நடைமுறையில் இருந்துவருகிறது, அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைப்பதில்லை. பழைய பெட்ரோல் யந்திரத்தைவிடப் பின்னாளைய டீசல் யந்திரம் பல சமயம் அந்தப் பரிசோதனையிலே நன்றாகவே தேறுகிறது. டில்லித் தலைநகரப் பிரதேசத்திலே பத்து வருஷம் கடந்த டீசல் வாகனமும் பதினைந்து வருஷம் கடந்த பெட்ரோல் வாகனமும் ஓடக்கூடாது என்று நியாயசபைகள் விதித்தமைக்குக் காரணம் அந்த நகரத்தின் காற்று. அந்த அளவுகோலை மலையுச்சிக்குக் கொண்டுபோனால் மானேபஞ்சனின் கதி என்னாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாமும் கொழும்பு நகரத்து வீதிக்காக எழுதிய விதியை ஹல்துமுல்லைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

வயதான வாகனம் என்று ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து 2025ஆம் ஆண்டு ஜனவரி முடியும் வரையில், ஏறத்தாழ ஐந்து வருஷம், தனியார் பாவனைக்கான வாகனங்களின் இறக்குமதி பொதுவாகத் தடுக்கப்பட்டிருந்தது என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். அந்த ஐந்து வருஷமும், 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளும் கியூ.ஆர். பங்கீடும் உட்பட, நாட்டின் சக்கரங்களைச் சுழலவைத்தவர்கள் கராஜ்களிலே எண்ணெய்க் கையோடு நின்ற பாஸ்மார். இப்போது இறக்குமதி திறந்திருக்கிறது. ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால், நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளை புதிய ஃபோர் வீல் வாகனத்தைக் கனவிலும் வாங்க இயலாது. டிமோ பட்டா லொறியும் த்ரீவீலரும் அவனுடைய சக்திக்கு எட்டியவை. அவை கெப்பெட்டிபொல பொருளாதார மையத்துக்கு மரக்கறி கொண்டுபோகத் தகும், மழைநாளின் கல்லுப் பாதைக்குத் தகமாட்டா.

இதற்கிடையே வேறொரு மாற்றமும் நிகழ்ந்துவருகிறது. பழைய லேண்ட் ரோவருக்கும் வில்லிஸுக்கும் சேகரிப்பாளர்களிடையே மதிப்பு ஏறிவிட்டதால், மலைக்கு ஆட்கள் வந்து, முற்றத்திலே நிற்கும் ஜீப்புக்கு ரொக்கம் கொடுத்து வாங்கிச் செல்கிறார்கள். டீசல் யந்திரத்தைக் கழற்றி எறிந்து, பழைய பெட்ரோல் யந்திரத்தைத் தேடிப்பிடித்துப் பொருத்தி, பச்சைப் பெயின்ட் அடித்து, கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள். பழமையைப் பேணுவது நல்ல காரியம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் வாங்கியவருக்கு அது மரபுச் சின்னமாகி மரியாதை பெற, விற்றவனுடைய முற்றத்தில் நின்றபோது அதே வண்டி சட்டவிரோத மாற்றம் செய்த வாகனம் என்ற பெயரைச் சுமந்ததே, அதுதான் மனத்தை வருத்துகிறது. ஐம்பது வருஷம் அதனை ஓடவைத்த கைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட இல்லை. மானேபஞ்சனில் சாரதிகள் சங்கமாகக் கூடி, முறைவைத்து ஓட்டி, பிரயாணிகளின் பணம் அந்த ஊரிலேயே தங்கும்படி செய்துகொண்டார்கள். நம்மிடத்திலும் டம்பேதன்ன தோட்டத்துக்கு மேலேயுள்ள லிப்டன் ஆசனத்துக்கும், ஒஹிய வழியாக ஹோட்டன் சமவெளிக்கும் ஏறுவதற்கு உலகமெங்கிலுமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அவர்களை ஏற்றிச்செல்லத் தோட்டத்து இளைஞர்களுக்கு அங்கீகாரமுள்ள ஜீப்பு ஒன்று இருந்தால், அவர்களில் சிலராவது கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகாமல் இருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதை இந்த மாவட்டத்திலே மறந்தவர் எவருமில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு பதுளையும் மிகக் கொடிய சேதத்தைச் சந்தித்தது. பாதைகள் அறுந்த இடங்களுக்கு ஹெலிகொப்டரிலே உணவு கொண்டுபோக வேண்டியிருந்தது. ஹெலிகொப்டர் எல்லா லயத்துக்கும் வராது. மண் சரிந்த மறுநாள், சரிவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு முதலில் போய்ச் சேரக்கூடியது, உயர்ந்த அடிவயிறும் ஒடுக்கமான சக்கரமும் சிவப்புக் குமிழ்க் கம்பியும் உள்ள ஒரு வண்டியும், அந்தப் பாதையின் ஒவ்வொரு முடக்கையும் அறிந்த ஓர் உள்ளூர்ச் சாரதியுமே. எந்தத் தோட்டத்திலே அத்தகைய வண்டி எத்தனை இருக்கிறது, எது ஓடக்கூடியது, யார் ஓட்டுவார் என்ற பட்டியல் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருக்க வேண்டும். மறைத்து வைக்க வேண்டிய வண்டியை எவனும் பட்டியலிலே சேர்க்க முன்வரமாட்டான். அங்கீகாரம் கொடுத்தால் பட்டியல் தானே உண்டாகும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக்குரியனவல்ல. யந்திரத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவிலே திருத்திக்கொள்ள வேண்டும் என்ற முறை இப்போதே இருக்கிறது. வாகனங்களைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகனப் பரிசோதகர்களும் இருக்கிறார்கள். அந்தப் பரிசோதகர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னே, வெலிமடையிலும் ஹப்புத்தளையிலும் ஹல்துமுல்லையிலும் தத்தம் பிரதேசத்தில் ஒருநாள் முகாமிட்டு, மலைப்பாதை ஜீப்புகளுக்கென்றே ஒரு பரிசோதனை நடத்தட்டும். சேஸிஸின் கெட்டித்தன்மை, யந்திரத்துக்கு ஏற்ற பிரேக், ஸ்டியரிங்கின் ஆட்டம், ஏற்றக்கூடிய ஆட்களின் தொகை, பிடிக்கம்பியும் கூரையும் உள்ள இருக்கை ஆகியவற்றைப் பார்க்கட்டும். தேறியதற்குப் பதிவிலே திருத்தமும் ஒரு தகட்டு அடையாளமும் கொடுக்கட்டும். தேறாததற்கு இன்னது செய்துவா என்று எழுதிக்கொடுத்து மூன்று மாத அவகாசம் அளிக்கட்டும். சேஸிஸ் செத்துப்போனதைத் தயவுதாட்சண்யமின்றி நிறுத்தட்டும். மாகாணத்தின் பங்கும் உண்டு: வருமான அனுமதிப்பத்திரத்தை வழங்குவது மாகாண நிருவாகமாகையால், தேறிய ஜீப்புகளுக்குக் கட்டணத்தைக் குறைப்பதற்கான பிரேரணையை ஊவா மாகாணமே முன்வைக்கலாம். கராஜ்களிலே வாழ்நாளைக் கழித்த பாஸ்மாருக்கு, ஏட்டுப் படிப்பின்றிக் கைத்தொழிலின் அனுபவத்தைப் பரிசோதித்தே தேசியத் தொழில் தகைமை வழங்கும் ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. அதன் அதிகாரிகள் ஒரு தடவை இந்தக் கராஜ்களுக்கு நேரில் வந்து, தட்டிப் பார்க்கும் அந்தச் சுத்தியலின் ஓசையைத் தங்கள் காதால் கேட்டு, சான்றிதழை அங்கேயே எழுதிக்கொடுக்கட்டும். அப்படித் தகைமை பெற்ற பாஸ் ஒருவர் கையொப்பமிட்ட வேலைக்கு அவரே பொறுப்பாளி என்ற நிபந்தனையும் அதனோடு சேரட்டும். நான் அறிந்த பாஸ்மாரில் அந்தப் பொறுப்புக்கு அஞ்சுபவர் ஒருவருமில்லை. அடுத்த பெருமழை ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் தொடங்கும். முதல் முகாமை அதற்கு முன்பே நடத்திவிட முடியும்.